கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண்: ஜப்பானிய மர அச்சுப் படங்களில் தலைவாரலும் ஒப்பனையும்

அகல்

எல்லாருக்கும் வணக்கம். ஹாஷிகுச்சி கோயோ 1920இல் வெளியிட்ட ‘கூந்தல் வாரும் பெண்’ என்ற மர அச்சுப் படத்தைப் பத்து நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றும், சுருக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. வெளிர்நிறக் கிமோனோ அணிந்த ஒரு பெண். பின்னால் வெள்ளி மினுங்கும் வெற்றுப் பரப்பு. இடுப்புக்கும் கீழே இறங்கும் தலைமுடி முழுவதையும் ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டு வாருகிறாள். படத்தில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூந்தலின் எடை தெரிகிறது. கழுத்து அந்த எடைக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கிறது.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். கோயோவோடு நிற்கவில்லை. அவருக்கு நூற்றைம்பது வருடம் முன்னாலிருந்தே இதே காட்சிதான். முடி வாரும் பெண், பிடரிக்கு வெள்ளைப் பூச்சு பூசும் பெண், உதட்டுக்குச் சாயம் வைக்கும் பெண், பல்லைக் கறுப்பாக்கும் பெண், குளித்துவிட்டு வரும் பெண். ஹருனொபு, கியோநாகா, உத்தமாரோ, எய்சென், குனிசாதா என்று ஒருவர் விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

என் கேள்வி: ஏன் இத்தனை முறை? அடுத்தவர் அறையை எட்டிப் பார்க்கிற ஆசை மட்டும்தானா? எனக்கு இந்தப் படங்கள் ரொம்பப் பிடித்திருக்கின்றன. பிடித்திருப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் பேசுங்கள்.

பலகைக்காரன்

அகல், நான் மரத்தில் செதுக்கி அச்சடிக்கிறவன். நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அது வேலையைப் பற்றியது.

மர அச்சில் கோடு என்பது மேடு. மை ஒட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். அப்படியானால் ஒற்றை மயிரிழையை அச்சில் கொண்டுவர, அதன் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, நடுவில் மயிர் அகலத்துக்கு மரத்தை நிற்க வைக்க வேண்டும். நெற்றியோரத்தில், காதுக்குப் பக்கத்தில், பிடரியில் முடி தோலிலிருந்து கிளம்புகிற இடத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இழைகள் போகும். ஒன்று உடைந்தால் ஒட்ட வழி இல்லை. அதனால்தான் மலைச் செர்ரி மரம். இறுக்கமான மரம், கத்திமுனையில் நார் பிய்யாது.

ஜப்பானியப் பட்டறைகளில் முகமும் தலைமுடியும் மூத்த செதுக்குநரின் வேலை. துணி மடிப்பு, பின்னணி எல்லாம் கீழே இருப்பவர்கள் வெட்டுவார்கள். தலைக்கு வரப் பத்து வருடம் பழக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓவியர் கொடுக்கும் வரைபடத்தில் முடியோரம் பெரும்பாலும் ஒரு குறிப்பு மட்டும்தான். எத்தனை இழை, எந்தச் சரிவு, எங்கே மெலிய வேண்டும் என்பதைச் செதுக்குகிறவர் கைதான் முடிவு செய்யும். நாம் உத்தமாரோவின் கூந்தல் என்று புகழ்கிற பலவும் பெயர் தெரியாத ஒரு செதுக்குநரின் கூந்தல்.

இன்னும் ஒன்று. அந்தப் பெண்களின் தோலுக்குப் பெரும்பாலும் வண்ணமே கிடையாது. முகம், கழுத்து, கை எல்லாம் அச்சேறாத வெறும் காகிதம். முகத்துக்கு வெள்ளைப் பூச்சு பூசுகிற பெண்ணின் படத்தில் அந்தப் பூச்சு, முசுக்கட்டை நாரில் செய்த தாள்தான். ஒரு பக்கம் மரத்தில் செய்யக்கூடியதிலேயே கடினமான வேலை, கூந்தல். இன்னொரு பக்கம் எந்த வேலையும் செய்யாமல் விட்ட இடம், தோல். இரண்டும் சந்திக்கிற கோடு முடியோரம். தலைவாரும் காட்சியைக் கொடுத்தால் எந்தச் செதுக்குநரும் தன் திறமை முழுவதையும் அந்தக் கோட்டில் காட்டிவிடுவார். பதிப்பாளருக்கும் அதுதான் வேண்டும்.

நீங்கள் சொன்ன வெள்ளி மினுமினுப்பு காக்காப்பொன், அதாவது மைக்கா. பொடி செய்து பசையோடு சேர்த்து ஏற்றுவார்கள். உத்தமாரோ காலத்திலேயே இருந்த முறை, கோயோ திரும்பக் கொண்டுவந்தார். திரையில் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். படத்தைக் கையில் பிடித்துச் சாய்த்தால்தான் பின்னணி முழுக்கக் கண்ணாடி மாதிரி எழும்.

மல்லிகைச்சரம்

நான் திருநெல்வேலி பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஓவியம் பற்றிப் படித்தது இல்லை. அகல் போட்ட பெயர்களைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் பட்டது கைகள்.

நீளமான முடியை வாரும்போது வேரிலிருந்து இழுத்தால் உயிர் போகும். சீப்புக்கு மேலே இன்னொரு கை முடியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இழுப்பு மண்டைத் தோலுக்குப் போகாது. கோயோ படத்தில் அந்தப் பெண்ணின் இன்னொரு கை சும்மா இல்லை, முடியைத் தாங்குகிறது. இதைப் பார்த்துதான் வரைந்திருக்க முடியும். கற்பனையில் வரைகிறவர்கள் அந்தக் கையை அழகாக எங்காவது வைத்துவிடுவார்கள்.

உத்தமாரோ வரைந்த பிடரிக்குப் பூசும் பெண்ணையும் பார்த்தேன். சட்டைக் கழுத்தைப் பின்னால் தள்ளி, தலையைக் குனிந்து பூசுகிறாள். பிடரிக்குத் தானே பூசிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் கண். அந்த முகத்தில் நளினம் காட்டுகிற பாவனை எதுவும் இல்லை. வேலையில் மூழ்கிய முகம். என்னிடம் வரும் பெண்களும் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது அப்படித்தான் இருப்பார்கள். போட்டோக்காரர் வந்தவுடன் அந்த முகம் போய்விடும்.

நீலாம்பல்

நல்ல விஷயங்கள் வந்திருக்கின்றன. ஆனால் யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் சொல்கிறேன்.

இந்தப் படங்களில் இருக்கிற பெண்களில் பெரும்பகுதி எதோ நகரின் (இன்றைய டோக்கியோ) யோஷிவாரா விலைமகளிர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். சிறுமியாக இருக்கும்போதே குடும்பக் கடனுக்காகப் பத்திரம் எழுதி விடப்பட்டவர்கள். சுற்றிலும் அகழி, ஒரே ஒரு பெரிய வாசல். அவர்கள் உடுக்கும் துணியும் கொண்டையில் குத்தும் ஊசிகளும் அவர்கள் கணக்கிலேயே கடனாக ஏறும். கேட்க ஆளில்லாமல் இறந்தவர்களைப் பக்கத்தில் மினோவாவில் இருக்கும் ஜோகன்ஜி கோயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே அடக்கமானவர்கள் சுமார் 25,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கோயிலுக்கே ‘எறிந்துவிட்டுப் போகும் கோயில்’ என்று பெயர் வந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஒப்பனைப் படங்களைப் பாருங்கள். அந்தப் பெண் அலங்கரித்துக்கொள்வது வேலைக்குப் போவதற்கு. வரைந்தவர் ஆண், பதிப்பித்தவர் ஆண், வாங்கியவர்களில் நிறையப் பேர் ஆண்கள். யோஷிவாராவுக்கு இந்தப் படங்கள் விளம்பரம். உத்தமாரோவின் பதிப்பாளர் த்சுதாயா ஜூசபுரோ யோஷிவாராவிலேயே பிறந்தவர், அதன் வாசலருகில் கடை வைத்து அந்த இடத்துக்கான வழிகாட்டிப் புத்தகங்களை விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். மயிரிழையைச் செதுக்கிய கைத்திறனைப் பாராட்டலாம். அது யாருடைய முடி என்பதையும் கேட்க வேண்டும்.

அகல்

நீலாம்பல், நான் ‘சங்கடம்’ என்று எழுதியது இதைத்தான். எழுத வார்த்தை வரவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் மல்லிகைச்சரம் அக்கா சொன்ன ‘வேலையில் மூழ்கிய முகம்’ என்பதையும் விட முடியவில்லை. இரண்டும் ஒரே படத்துக்குள் இருக்கின்றன.

பழுப்பேடு

பள்ளியில் நாற்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். நீலாம்பல் சொன்னது சரி. அதோடு சேர்க்க வேண்டியது, இந்தப் படங்களில் எல்லாப் பெண்களும் யோஷிவாராக்காரர்கள் இல்லை.

பல வண்ண அச்சு 1765இல் எதோவில் நிலைபெற்றது. ஹருனொபு அதன் முதல் பெரிய பெயர். அடுத்த வருடவாக்கில் அவர் ‘வீட்டறையின் எட்டுக் காட்சிகள்’ என்று ஒரு தொகுதி செய்தார். சீனாவின் சியாவ்சியாங் ஆற்றுப்புறத்தை எட்டுக் காட்சியாகப் பாடுவது பழைய மரபு. மாலைக் கோயில் மணி, இரவு மழை, இறங்கும் வாத்துகள், இலையுதிர்கால நிலா என்று போகும். ஹருனொபு அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். மணிக்கு ஒரு கடிகாரம். வாத்துகளுக்கு, கோத்தோ இசைக்கருவியில் சாய்வாக நிற்கும் தந்திக் குதிரைகள். நிலாவுக்கு? கண்ணாடி! ஸ்டாண்டில் வைத்த வட்டமான கண்ணாடி, அதன் முன் தலை பின்னிக்கொள்ளும் ஒரு இளம்பெண். வீட்டுப் பெண்ணின் தலைவாரல் அங்கே கவிதையின் ஒரு வரியாக நிற்கிறது.

அந்தக் கண்ணாடி கண்ணாடியில் செய்தது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வார்த்த வெண்கலத் தட்டு, முகப்பில் பாதரசமும் வெள்ளீயமும் ஏற்றி மெருகிட்டது. மங்கிப்போகும். தெருவில் கண்ணாடி மெருகு போடுகிறவர்கள் வருவார்கள். ஆரன்முளைக் கண்ணாடி பார்த்தவர்களுக்கு உலோகத்தில் முகம் பார்ப்பது என்ன என்று தெரியும்.

அடுத்து 1790கள். உத்தமாரோவின் புகழ்பெற்ற அழகிகளில் இருவர் யோஷிவாராவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். ஒகித்தா, அசாகுசாவில் தேநீர்க் கடையில் வேலை செய்தவள். ஒஹிசா, ரியோகோகுவில் அரிசி வறுவல் கடைக்காரரின் மகள். இரண்டு கண்ணாடிகளை வைத்துத் தன் கொண்டையின் பின்பக்கத்தைப் பார்க்கிறாளே, அந்தப் படத்தில் இருப்பவள் ஒஹிசாதான். சாதாரணக் கடைப் பெண்கள் நட்சத்திரமாவது அரசுக்குப் பிடிக்கவில்லை. 1793இல், விலைமகளிர் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று உத்தரவு. உடனே ஓவியர்கள் பெயரைப் படப்புதிராகப் போட்டார்கள். ஒரு மூலையில் சின்னச் சின்னப் பொருட்களை வரைவது, அவற்றின் பெயரைச் சேர்த்து வாசித்தால் பெண்ணின் பெயர் வரும். 1796இல் அதற்கும் தடை. 1800இல் பெண்களின் பெரிய முகப் படங்களுக்கே தடை. 1804இல் உத்தமாரோவுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. அது ஹிதேயோஷி என்ற பழைய ஆட்சியாளரைப் பற்றிய படங்களுக்காக, ஒப்பனைக்காக அல்ல. ஆனால் மனிதர் அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து காசு வாங்கும் பெண் தொழிலாளிகள் அந்தக் காலத்தில்தான் பெருகினார்கள். ஆடம்பரம் என்று சொல்லி 1795இல் அந்தத் தொழிலையே தடை செய்தது அரசு. அதற்குச் சில வருடம் கழித்து, 1790களின் கடைசியில், பெண்களின் கைத்தொழில்கள் என்று பன்னிரண்டு படங்கள் வரைந்த உத்தமாரோ, அதில் ஒன்றாகத் தலை அலங்காரக்காரியை வைத்தார். உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் நின்று முடியைக் கட்டுகிறாள். நூல் நூற்பவள், துணி நெய்பவள் வரிசையில் அவளும் ஒரு தொழிலாளி. தொழில் நிற்கவில்லை. 1840களின் சீர்திருத்தத்தில் மறுபடி தடை போட வேண்டி வந்தது என்றால், இடையில் அது எவ்வளவு செழித்திருக்கும் என்று பாருங்கள்.

மல்லிகைச்சரம்

ஐயா, அந்தத் தலை அலங்காரக்காரியைப் பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. இதை வாசித்தவுடன் போய்ப் பார்த்தேன். அவள் உடம்பு முழுக்க அந்த வேலையில் சாய்ந்திருக்கிறது. என் முதுகு வலிக்கிற அதே கோணம்.

ஒரு சந்தேகம். காதுக்கு இரண்டு பக்கமும் முடி விசிறி மாதிரி விரிந்து, ஊடே வெளிச்சம் தெரிகிறதே, அது எப்படி நிற்கிறது?

பழுப்பேடு

அதற்கு விளக்குக் கூண்டு பாணி என்று பெயர், அம்மா. உள்ளே திமிங்கலத்தின் வாய்த்தகட்டிலோ மூங்கிலிலோ வளைத்த ஒரு சிறு தாங்கி இருக்கும். முடிக்கு மெழுகு சேர்ந்த எண்ணெய். கட்டுவது முறுக்கிய காகிதக் கயிற்றால். இவ்வளவு செய்தபின் அடிக்கடி தலைக்குக் குளிக்க முடியுமா? மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவைதான். கடற்பாசிப் பசையும் மாவும் கரைத்துத் தேய்த்து மெழுகை எடுப்பார்கள். அதனால்தான் அவிழ்ந்த கூந்தல் படத்தில் வந்தால் அது ஒரு தனி நாள்.

புதுத்திரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எய்சென் படங்களைத் தேடினேன். நிறையப் படங்களில் பெண்ணின் கீழ் உதடு பச்சையாக இருக்கிறது. சாயம் வெளுத்ததா? அச்சுப் பிழையா?

நூல்சாயம்

பிழை இல்லை, நண்பரே. இந்த உரையாடலில் நான் எழுதக் காத்திருந்த விஷயம் அதுதான். இயற்கைச் சாயம் போடுகிறவன் நான்.

உதட்டுச் சிவப்பு குசும்பாப் பூவிலிருந்து வருவது. வட ஜப்பானில் மொகாமி ஆற்றுப்பக்கம், இன்றைய யமகத்தா, அதற்குப் பேர்போன இடம். அந்தப் பூவில் மஞ்சள்தான் அதிகம். தண்ணீரில் அலசி அலசி மஞ்சளை வெளியேற்றினால் மிஞ்சுகிற சிவப்பு நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதைச் சாம்பல் நீரில் இறக்கி, புளிப்புச் சேர்த்துப் படிய வைத்து, பீங்கான் கிண்ணத்தின் உட்புறத்தில் பூசிக் காயவிடுவார்கள். காய்ந்தால் அது சிவப்பாக இருக்காது. பச்சை! பொன்வண்டின் முதுகு மாதிரி பச்சையாகப் பளபளக்கும். ஈரத் தூரிகை பட்டவுடன் சிவப்பாகிவிடும். தரம் கூடக்கூட அந்தப் பளபளப்பும் கூடும். நான் ஒருமுறை இத்தனூண்டு செய்து பார்த்தேன். கிண்ணத்தின் ஓரத்தில் அந்தப் பச்சை வந்த நொடியில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன்.

1804 முதல் 1830 வரையான காலத்தில் எதோப் பெண்களிடம் ஒரு பாணி வந்தது. கீழ் உதட்டில் இந்தச் சாயத்தை அடுக்கடுக்காகப் பூசி, கிண்ணத்தில் தெரியும் அதே பச்சை மினுக்கத்தை உதட்டிலேயே வரவழைப்பது. மூங்கிலிலைச் சிவப்பு என்று பெயர். ஒரு நிறை சாயத்துக்கு ஒரு நிறை பொன் என்று சொல்கிற விலை. எல்லாராலும் முடியாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: முதலில் உதட்டில் எழுதுகிற கறுப்பு மையைத் தடவி, அதன்மேல் கொஞ்சமாகச் சிவப்பு. கறுப்பின் மேல் அது பச்சையாகவே மின்னும். எய்சென் அந்த உதட்டுக்கென்று பச்சை அச்சிட்டது அந்தப் பாணியைப் பதிவு செய்யத்தான். உதட்டோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் புதுத்திரி, மேல் உதடு சிவப்பாகவே இருக்கும்.

பல் கறுப்பையும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் துண்டுகளைப் புளிப்பு நீரிலும் தேநீரிலும் மதுவிலும் நாள்கணக்கில் ஊற வைத்த நாற்றமடிக்கும் தண்ணீர் ஒரு பக்கம். ஒரு வகை மரத்தின் இலையில் பூச்சி உண்டாக்கும் முடிச்சின் பொடி இன்னொரு பக்கம். நம் மாசிக்காய் மாதிரி துவர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் கன்னங்கரேல். நம் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயில் நனைத்து, வெல்லத்தில் ஊறிய இரும்புத் தண்ணீரால் கறுப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வேதியியல். எதோவில் கல்யாணமான பெண் பல்லைக் கறுப்பாக்குவாள், பிள்ளை பிறந்ததும் புருவத்தை மழித்துவிடுவாள். ஆகவே வாயையும் புருவத்தையும் பார்த்தாலே அந்தப் பெண் யார் என்று அன்றைய வாசகருக்குத் தெரியும். 1870இல் அரசு பிரபுக் குடும்பங்களுக்கு இதைத் தடை செய்தது. 1873இல் பேரரசி நிறுத்தினார். மெல்ல மெல்ல மறைந்தது.

வெள்ளைப் பூச்சைப் பற்றிச் சொல்லும்போதுதான் மனது கஷ்டப்படுகிறது. அது ஈய வெள்ளை, அல்லது பாதரசத்திலிருந்து எடுத்த பொடி. முகம், கழுத்து, மார்பு என்று தினமும். 1887இல் பேரரசர் முன்னால் ஆடிய கபுகி நாடக நடிகர் நான்காம் நகமுரா ஃபுகுசுகேவின் கால் நடுங்கியது. பூச்சின் ஈய நஞ்சு என்று தெரிந்து பேச்சானது. ஈயப் பூச்சு கடைகளிலிருந்து முழுவதும் போக 1930கள் ஆகிவிட்டது. பேரரசர் முன்னால் ஆடாத எத்தனை பேருக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பழுப்பேடு

நூல்சாயம் அந்தப் பூச்சைத் தொட்டதால் ஒரு விலைக் கணக்கு. எதோவில் ‘சென்ஜொகோ’ என்று ஒரு முகப்பொடி. மூன்றாம் செகாவா கிகுனொஜோ என்ற பெண்வேட நடிகரின் கவிப்பெயரைத் தாங்கியது. கியோபாஷிப் பக்கம் சகாமோத்தோ என்ற கடை, ஒரு பொட்டலம் 48 மோன் (அன்றைய செப்புக் காசு). ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன், ஒரு பெரிய வண்ண அச்சுப் படம் சுமார் 20 மோன். பொடியை விடப் படம் மலிவு!

அந்தக் கடை விளம்பரத்தில் கில்லாடி. எய்செனும் குனிசாதாவும் வரைந்த அழகிகளின் பக்கத்தில் அந்தப் பொட்டலம் கிடக்கும். ஹிரோஷிகேயின் தொகாய்தோ நெடுஞ்சாலைப் படங்களில் செகி என்ற ஊரின் விடுதிக் காட்சி இருக்கிறது. விடிகாலை, பிரபுவின் பரிவாரம் கிளம்புகிறது. அந்த விடுதிக்குள் தொங்கும் பலகையில் எழுதியிருப்பது இதே பொடியின் பெயர்.

ஆண்கள் மட்டும்தான் வாங்கினார்கள் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. 1823 வாக்கில் குனிசாதா ‘இக்கால ஒப்பனைக் கண்ணாடிகள்’ என்று ஒரு தொடர் செய்தார். தாளில் ஒரு கைக்கண்ணாடி, அந்த வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம், பூசிக்கொண்டோ தீட்டிக்கொண்டோ. தாளைக் கையில் எடுக்கிற பெண், தன் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரியே அதைப் பார்ப்பாள். எப்படிப் பூசுவது என்று பார்த்துக் கற்கலாம். ஆணுக்கு அந்த வட்டத்துக்குள் இடம் எங்கே?

நீலாம்பல்

பழுப்பேடு ஐயா, குனிசாதா தொடர் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஊர்ப் பெண்கள் யோஷிவாரா பாணியைப் பார்த்துப் பின்பற்றினார்கள் என்பதும் தெரியும். ஆனால் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை.

உத்தமாரோ, முழு முகம் காட்டும் பெரிய கண்ணாடிமுன் ஒரு பெண்ணை வரைந்திருக்கிறார். நமக்கு முதுகு. பிடரி முழுக்கத் தெரிகிறது. முகம் கண்ணாடிக்குள். ஒகித்தா என்று கருதப்படுபவள். பள்ளி இயற்பியல்படி, ஒருவர் கண்ணைக் கண்ணாடியில் நான் பார்க்க முடிந்தால், அவரும் என்னைப் பார்க்க முடியும். அறையில் நான் நின்றால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தன் முடியைத்தான் பார்க்கிறாள். அந்த அறையில் நாம் இல்லாதது போல வரைந்திருக்கிறார். இதை மறைந்திருந்து பார்ப்பது என்றும் சொல்லலாம்.

இரண்டு நாள் முன்னால் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். மல்லிகைச்சரம் சொன்னதை வைத்துத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று தோன்றியது. யோஷிவாராப் பெண்ணின் நாள் முழுக்க யாரையோ பார்த்துச் சிரிக்க வேண்டிய நாள். ஒப்பனை செய்யும் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் முகம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உத்தமாரோ யோஷிவாராவில் ஒரு நாளின் பன்னிரண்டு பொழுதுகளையும் வரிசையாக வரைந்தபோது வாடிக்கையாளர் ஒருவரைக்கூட முன்னால் கொண்டுவரவில்லை. நள்ளிரவு தாண்டி, தூக்கக் கலக்கத்தில் செருப்பைக் காலால் தேடுகிற பெண்தான் இருக்கிறாள். அந்தக் களைப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விற்றார் என்பதும் உண்மை. இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

ஒசாகா_வாசி

இருபதாம் நூற்றாண்டு பக்கம் யாரும் வரவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வதானபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர்தான் பழைய பட்டறை முறையைப் புதிய ஓவியர்களோடு சேர்த்தவர். 1915இல் கோயோவின் குளியல் படம், 1916இல் இத்தோ ஷின்சுயின் ‘கண்ணாடிக்கு முன்’. ஷின்சுய்க்கு அப்போது பதினெட்டு வயதுதான். அந்தச் சிவப்பு உள்ளங்கியை நேரில் பார்த்தால் நகர முடியாது. சிவப்பின் மேல் சிவப்பாகப் பல முறை ஏற்றியது. தேய்த்த தடம்கூடத் தெரியும். படத்தின் தலைப்பில் கண்ணாடி உண்டு, படத்தில் கண்ணாடி இல்லை. அவள் எதையோ பார்க்கிறாள், அவ்வளவுதான் நமக்கு.

கோயோ வதானபேயோடு ஒத்துப்போகாமல் தனியாகப் போய், தன் செலவில், தன் மேற்பார்வையில் அச்சிட்டார். 1921இல் இறந்துவிட்டார். வயது நாற்பது. உயிரோடு இருக்கும்போது முடித்தவை பதினைந்துக்குள்தான். 1923 நிலநடுக்கத் தீயில் வதானபேயின் கடையும் பலகைகளும் எரிந்துபோயின. ஆகவே அதற்கு முன் அச்சான படிகள் அபூர்வம்.

தோரீ கொத்தொந்தோவின் ‘காலைக் கூந்தல்’, 1930. கொசுவலைக்குப் பக்கத்தில் தலை கலைந்த ஒரு பெண். நூறு படிகள் திட்டம், சுமார் எழுபது விற்ற நிலையில் போலீஸ் தடை செய்து மிச்சத்தை அழித்தது. உடம்பு எதுவும் தெரியாது. கலைந்த கூந்தல் மட்டும்தான் குற்றம்.

மேற்கில் நடந்தது எல்லாரும் எழுதுகிற கதைதான். 1890இல் பாரிஸில் எழுநூறுக்கு மேற்பட்ட ஜப்பானிய அச்சுப் படங்களோடு கண்காட்சி, அதைப் பார்த்துவிட்டு அமெரிக்க ஓவியர் மேரி கசாட் பத்து வண்ண அச்சுகள் செய்தார், அதில் ஒன்று கண்ணாடிமுன் கொண்டை போடும் பெண். பிரெஞ்சு ஓவியர் தெகா தன் படுக்கையறையில் கியோநாகாவின் பெண்கள் குளியலறைப் படத்தை மாட்டியிருந்தார்.

அகல்

எனக்கு இப்போது அந்தப் படங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. இன்று காலை கோயோ படத்தைத் திறந்தபோது முதலில் பார்த்தது முடியைத் தாங்கும் அந்தக் கையைத்தான். இரண்டாவது பார்த்தது காகிதத்தை.

பலகைக்காரன் அண்ணா, நீங்கள் ஏதாவது செதுக்கிக்கொண்டிருக்கிறீர்களா?

பலகைக்காரன்

இந்த உரையாடல் ஆரம்பித்த அன்றே ஒரு சின்னப் பலகை எடுத்துவிட்டேன். செர்ரி கிடைக்கவில்லை, இருக்கிற மரத்தில்தான். பின்னாலிருந்து ஒரு பெண்ணின் பிடரி, அவ்வளவுதான் படம். ஆறு நாளில் இரண்டு சென்டிமீட்டர் முடியோரம் வந்திருக்கிறது. ஆனால் அச்செடுத்துப் பார்த்தால் முடி தோலில் முளைத்த மாதிரி இல்லை, ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை.

மல்லிகைச்சரம், ஒன்று கேட்கலாமா? முடியை மேலே தூக்கிக் கட்டும்போது பிடரியில் இழைகள் எந்தப் பக்கம் போகும்?

மல்லிகைச்சரம்

நேராக மேலே போகாது, அண்ணா. நடுவில் இருப்பது மேலே ஏறும். இரண்டு ஓரத்தில் இருப்பது முதலில் உள்பக்கமாகச் சாயும், அப்புறம்தான் ஏறும். எல்லாருக்கும் ஓரத்தில் கொஞ்சம் கீழ்நோக்கி முளைத்த பூனைமுடி இருக்கும், எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் கட்டுக்குள் வராது. அதை விட்டுவிடுங்கள். நாலைந்து இழையைக் கீழ்ப் பக்கமாகவே செதுக்குங்கள். நுனி மெலிதாக, வேர் அதைவிட மெலிதாக.

பலகைக்காரன்

வேர் அதைவிட மெலிதாக. சரி. ஓரத்தை மறுபடி வெட்டுகிறேன்.